பதினொரு சதவீத ஈரம்

புருல் மோதிரம் போடமாட்டாள். கல்யாணத்தன்று போட்டதை மறுவாரமே கழற்றி வைத்துவிட்டாள். புருஷனோடு ஏதோ மனஸ்தாபம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மனஸ்தாபம் வந்தது நிஜம்தான், ஆனால் அது வர இன்னும் பத்து வருடம் இருந்தது. மோதிரத்தைக் கழற்ற வைத்தது மண். கண்ணாடிப் பலகையின் மேல் உள்ளங்கையால் நாள் முழுக்க மண்ணைத் திரி திரியாக உருட்டுகிறவள் விரலில் மோதிரம் இருந்தால், திரி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்துப் போகும்.

ஓஷ் நகரத்து மண் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருபத்தாறு பேர் இருந்தார்கள். பிறகு நாடு மாறியது, கொடி மாறியது, சம்பளம் வரும் தாளில் படம் மாறியது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் நாலு பேர் மிஞ்சினார்கள். அந்த நாலு பேரில் மண்ணைத் தொடுகிறவள் புருல் மட்டும்தான், மற்றவர்கள் காகிதத்தைத் தொடுகிறவர்கள். இதை அவளே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வாள்.

அவள் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "மண்ணுக்குக் குணம் பார்க்கிறேன்" என்பாள். மாவு மாதிரி நைசாக இருக்கும் மண்ணுக்குத் தண்ணீர்தான் எஜமான். காய்ந்து கிடந்தால் கல். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் கைக்கு அடங்கி, உருட்டினால் உருளும். இன்னும் சேர்ந்தால் யாருக்கும் அடங்காமல் தன் போக்கில் ஓடும். கல் எந்த ஈரத்தில் கைக்கு அடங்குகிறது, எந்த ஈரத்தில் கையை விட்டு ஓடுகிறது, இந்த இரண்டு எல்லைகளைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. முதல் எல்லைக்குத் திரி. மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு உருட்டும்போது துண்டு துண்டாக உடைய வேண்டும், அந்த நேரத்து ஈரத்தை அளந்தால் கீழ் எல்லை. இரண்டாவதுக்கு எழுபத்தாறு கிராம் எடையில் ஓர் எஃகுக் கூம்பு. குழைத்த மண்ணின் மேல் அதைத் தொட்டு விட்டால், ஐந்து விநாடியில் பத்து மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அந்த ஈரம் மேல் எல்லை. அதையும் தாண்டினால் அது மண் இல்லை, கஞ்சி.

ஐந்து விநாடியை எண்ண அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு அளவுகோலும் எடுப்பதில்லை. கல்யாண விருந்தில் உட்கார்ந்தால்கூட ரொட்டியின் நடுச்சதையைப் பிய்த்து மேஜை மேல் உருட்டிக்கொண்டே இருப்பாள். மகள் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வரும்போதெல்லாம், "அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கறாங்க, கையை மடியில வைம்மா" என்று கெஞ்சுவாள். புருல் கையை மடியில் வைப்பாள். மடியில் துணியை உருட்டுவாள்.

புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனார். நோவோசிபிர்ஸ்கில் இன்னொரு குடும்பம் சேர்த்துக்கொண்டார் என்று சேதி வந்தது. புருல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, "எனக்கு மண்ணு போதும், அதுக்காவது எங்க நிக்கணும்னு தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தவர்களை அவள் பார்த்த பார்வையில் யாரும் இரண்டாம் முறை எடுக்கவில்லை.

இப்படிக் கறாரான ஒருத்திதான் வேலைக்குச் சேர்ந்த இருபத்தெட்டாம் வருடம் ஏப்ரல் மாதம் ஒரு தப்பு செய்தாள்.

அந்த வசந்தத்தில் மழை அடங்கவே இல்லை. மலையடிவாரமெங்கும் மஞ்சள் மண் மேடுகள் ஊறிக் கிடந்தன. கோக்-புலாக் கிராமத்துக்கு மேலே சரிவின் உச்சியில் ஒரு விரிசல் கண்டது. முதலில் விரல் நுழையும் அகலம், பிறகு கை நுழையும் அகலம். சரிவின் கீழே பதினொரு வீடு, ஐம்பத்தேழு பேர். அதிகாரிகள் வந்து எல்லோரையும் எதிர்மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அன்று முதல் வகுப்பறைகளில் படுக்கை, கைப்பந்து மைதானத்தில் ஆட்டு மந்தை. உருளைக்கிழங்கு நடுகிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று ஜனங்கள் கேட்டுத் துளைத்ததில், மாவட்ட அலுவலகம் மண்ணைப் பரிசோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றது.

மண் எடுக்கிற குழு போக முடியவில்லை. பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே ஊர்த் தலைவர் தாஷ்தெமிருக்குப் போன் போட்டு, விரிசலோரமாக ஒரு கை ஆழம் தோண்டி மண் எடுத்து நீங்களே கொண்டு வாருங்கள் என்று சொன்னார்கள்.

தாஷ்தெமிர் அறுபதைத் தொட்டவர். பேச்சு குறைவு, மரியாதை அதிகம். குதிரையில் ஆற்றைக் கடந்து, லாரியில் ஏறி, வாடகைக் காரில் மாறி, நாலு மணி நேரம் பயணம் செய்து வியாழக்கிழமை புருல் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் வெள்ளைத் துணி. துணிக்குள் இரண்டு மண் கட்டிகள், வேர், புல் எதுவுமில்லாமல், ஓரமெல்லாம் சீவி, மாப்பிள்ளை வீட்டுச் சீர் போல அடுக்கி இருந்தன. கூடவே ஒரு பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டை.

"இது உங்களுக்கு தங்கச்சி. எங்க வீட்டுல செஞ்சது."

"எதுக்குண்ணே சிரமம்."

"சிரமமா. வெறுங்கையோட எப்படி வர்றது."

வெட்டின இடத்திலேயே மெழுகு பூசி மூடாத மண்ணை வாங்கக்கூடாது என்பது கூடத்தின் சட்டம். மெழுகு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையிலாவது காற்றுப் புகாமல் கட்டியிருக்க வேண்டும். இதைப் புருலே எத்தனையோ இன்ஜினியர்களிடம் சீறியிருக்கிறாள், அவர்கள் மண்ணை வாசலிலேயே கொட்டவைத்தும் இருக்கிறாள். ஆனால் அன்று அந்த மனிதரின் நனைந்த பூட்ஸையும் வெள்ளைத் துணியையும் பார்த்தாள். போய் வேறு கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டாள்.

கீழ் எல்லை பதினெட்டு சதவீதம் வந்தது. மேல் எல்லை இருபத்தாறு. மண்ணில் இருந்த ஈரமோ பதினொன்றுதான். கீழ் எல்லைக்கும் கீழே, அதாவது கல். இந்த மழையில் இவ்வளவு காய்ந்திருக்கிறதே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தெற்குப் பார்த்த சரிவாக இருக்கும், வெயில் பட்டிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'கெட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கூடத்தின் தலைவன் மெலிஸ் அதன் கீழே கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை காகிதம் மாவட்டத்துக்குப் போனது. புதன் காலை ஜனங்கள் வீடு திரும்பலாம் என்று உத்தரவும் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை புருல் சல்லடை கழுவ உட்கார்ந்தாள். மண்ணைச் சலித்தபோது தங்கிய கசடு ஒரு தட்டில் கிடந்தது. அதில் ஓர் எள். அதை அவள் வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தாள். மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்கிற தன் பழக்கத்தைத் தானே திட்டிவிட்டு ஒதுக்கித் தள்ளியிருந்தாள். இப்போது அதைக் கொட்டப் போகிற நேரத்தில் கை நின்றது. அவள் தின்பது முக்குக் கடையில் விற்கிற, செங்கல் வடிவத்து ரொட்டி. அதில் எள் கிடையாது. தந்தூர் அடுப்பில் சுடுகிற வட்ட ரொட்டிக்குத்தான் எள் தூவுவார்கள்.

எள்ளை எடுத்துப் பல்லில் கடித்தாள். வறுபட்ட எள்.

இந்த மழையில் ஈரம் ஏன் பதினொன்றுதான் வந்தது என்பது இப்போது விளங்கியது. அந்த மண் கட்டி தந்தூருக்குள் இருந்திருக்கிறது. மலையின் ஈரத்தை அவள் அளக்கவில்லை, ஒரு ரொட்டி அடுப்பின் சூட்டை அளந்திருக்கிறாள். அதை நம்பி நாளைக் காலை ஐம்பத்தேழு பேர் சரிவின் கீழே போய்ப் படுக்கப்போகிறார்கள்.

நேராக மெலிஸின் அறைக்குள் நுழைந்தாள். மெலிஸுக்கு முப்பத்தெட்டு வயது, நல்ல பையன்தான், ஆனால் தொலைபேசி அடித்தாலே எழுந்து நின்றுவிடுவான்.

"மெலிஸ், கோக்-புலாக் காகிதத்தைத் திருப்பி வாங்கணும்."

"ஏன்க்கா?"

"மண்ணுல எள்ளு இருக்கு."

மெலிஸ் பேனாவைக் கீழே வைத்தான். "காலைல ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

"வறுத்த எள்ளுடா. மண்ண அடுப்புல வெச்சுக் காயவெச்சிருக்காங்க."

"யாரு?"

"எவரு கொண்டு வந்தாரோ அவரு. தாஷ்தெமிர் அண்ணன்."

"அவரு எதுக்கு அப்படிச் செய்யணும்? பைத்தியமா?"

"பைத்தியம் நான். மூடாத மண்ண வாங்கினது நானு."

மெலிஸ் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினான். "அக்கா, ஒரு எள்ளுக்காக நான் மாவட்டத்துக்குப் போன் போட்டு, நாங்க எழுதுனது தப்புன்னு சொல்லணுமா? காறித் துப்புவானுங்க. போன வருஷமே கூடத்த இழுத்து மூடறேன்னு நின்னவனுங்க."

"துப்புனா துடைச்சுக்கலாம்."

"உங்களுக்கென்ன, துப்பறது என் மூஞ்சில." நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "வேற மண்ணு பாருங்க. ஒரு நம்பர் குடுங்க. நம்பர் இருந்தா போன் போடறேன். எள்ளை வெச்சுப் போட முடியாது."

அதில் நியாயம் இருந்தது என்று புருலே பிற்பாடு ஒத்துக்கொண்டாள். அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து, தாஷ்தெமிருக்குப் போன் போட்டாள். அணைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் மின்சாரம் வந்தால்தானே போனுக்கு உயிர் வரும். எஃகுக் கூம்பைத் தன் கழுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாடகைக் கார் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, தொடை வரை நனைந்து, குதிரைக்காரன் பின்னால் உட்கார்ந்தபடி அவள் பள்ளிக்கூட மேட்டில் ஏறினாள். முற்றம் முழுக்க மூட்டை. மெத்தை, டீக் கொதிகலன், தொட்டில் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. விடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். ஜனங்கள் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

தாஷ்தெமிர் ஓடி வந்தார். "தங்கச்சி, நீங்களா. வாங்க வாங்க. உல்போசுன், டீ வை. நல்ல சேதி எழுதுன கை இதுதான்."

உல்போசுன் அவர் மனைவி. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதைக் குரலில் ஈடுகட்டுவாள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீ அப்புறம்" என்றாள் புருல். "அண்ணே, எனக்குக் கொண்டு வந்த மண்ண எங்க காயவெச்சீங்க?"

தாஷ்தெமிர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "அதுவா. தோண்டும்போது சொதசொதன்னு இருந்துச்சு தங்கச்சி. கையில நிக்கல. அந்தச் சேத்தையா பட்டணத்து ஆளுங்க மேஜையில கொண்டு வந்து வைக்கறது? ரொட்டி சுட்டு முடிச்ச சூட்டுல தந்தூருக்குள்ள ஒரு ராத்திரி வெச்சோம். உருண்டு தெரண்டு நல்லா வந்துச்சு. அப்புறம் இவதான் ஓரமெல்லாம் சீவி, துணி சுத்திக் குடுத்தா."

"என் கல்யாணத் துணி" என்றாள் உல்போசுன்.

புருல் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டவும் முடியவில்லை. விருந்தாளிக்கு அழுக்குத் தட்டில் சோறு வைக்காத ஜனம், ஆபீஸுக்குச் சேறு கொடுக்குமா? அவள் ஊரிலும் இதைத்தான் செய்திருப்பார்கள். அவள் அம்மா செய்திருப்பாள்.

பிறகு இன்னொன்று உறைத்தது. "எந்தத் தந்தூர்?"

"எங்க வீட்டுத் தந்தூர்தான். கீழ இருக்கே."

"கீழ போகக்கூடாதுன்னுதானே மேல ஏத்தி வெச்சாங்க?"

"தங்கறதுக்குப் போகல" என்றாள் உல்போசுன், இது ஒரு கேள்வியா என்பது போல. "செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி சுடப் போவோம். பதினோரு வீட்டுப் பொம்பளைங்களும் சேர்ந்து. இன்னிக்குக் காலைலகூடப் போனோம். இங்க இருக்கற இரும்பு அடுப்புல ரொட்டியா சுட முடியும்? அதுல செருப்பத்தான் காயவெக்கலாம்."

புருல் எழுந்தாள். "அண்ணே, வெளிச்சம் இருக்கும்போதே என்னை அந்த விரிசல்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. மண்ணு வேணும். ஈரத்தோட."

விரிசல் அகலமாகியிருந்தது. மேல் பக்கம் நின்று தாஷ்தெமிர் தோண்ட, புருல் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டு மண்ணை அள்ளினாள். அள்ளும்போதே தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருடப் பழக்கமுள்ள கைக்கு இதற்கு மேல் கூம்பும் தேவையில்லை. ஆனால் மெலிஸுக்கு நம்பர் தேவை, ஜனங்களுக்குக் கண்ணால் பார்க்கத் தேவை. மண்ணை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு முறுக்கிக் கட்டி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஒரு வகுப்பறை மேஜையை வெளியே தூக்கிப் போட்டு, அதன் மேல் ஒரு கிண்ணத்தில் மண்ணை வழித்து வைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை என்பதை எல்லோரையும் பார்க்கச் சொன்னாள். துணியிலிருந்து கூம்பை எடுத்து, முனையை மண்ணின் மேல் தொட்டு விட்டாள். அது தன் பாட்டில் இறங்கியது. பத்து மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டியது. நிற்கவில்லை. பதினாறில் போய் நின்றது.

"இது கெட்டி மண்ணு இல்ல" என்றாள். "நான் எழுதிக் குடுத்தது தப்பு. நீங்க நாளைக்கு இறங்கக் கூடாது."

ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன் முன்னால் வந்தான். கீழே முதல் வீட்டுக்காரன், உருளைக்கிழங்கு விதை முளைவிட்டு வீணாகிக்கொண்டிருந்த கோபம் அவனுக்கு. "அக்கா, திங்கக்கிழமை கெட்டி, செவ்வாக்கிழமை கஞ்சி. புதங்கிழமை என்ன சொல்லுவீங்க? முத்திரை குத்துன காகிதம் ஒண்ணு சொல்லுது, இந்தப் பம்பரம் ஒண்ணு சொல்லுது. நாங்க எதை நம்பறது?"

"காகிதத்துல இருந்தது உங்க மலை இல்லப்பா. மூடாத மண்ண வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. நான் வாங்கினேன். தப்பு என்னுது."

தாஷ்தெமிர் தலையைத் தூக்கினார். புருல் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டது அவருக்குப் புரிந்தது. காது மடல் வரை சிவந்து போய்ச் சொன்னார். "மண்ண அடுப்புல காயவெச்சது நான். இந்தத் தங்கச்சி மேல குத்தம் சொல்றவன் என்னைச் சொல்லட்டும்."

அவருக்காகக் கூட்டம் அடங்கியதே தவிர, மனம் மாறவில்லை. மூட்டைகளைப் பார்த்தார்கள், எதிர்ப் பக்கம் கூரைகளைப் பார்த்தார்கள். மலை அசையாமல்தான் நின்றது. பத்து நாளாக நின்ற மலை நாளைக்கும் நிற்காதா என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. எல்லை, சதவீதம் என்று புருல் எடுத்துச் சொன்னதெல்லாம் அவர்கள் காதுக்கு வெளியிலேயே நின்றது. இவர்களைத் தன் பேச்சு பிடித்து நிறுத்தாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது கை தானாகக் கிண்ணத்து மண்ணை எடுத்து மேஜை மேல் உருட்ட ஆரம்பித்தது.

உருட்டுவதைப் பார்த்து உல்போசுன் பக்கத்தில் வந்தாள். "இப்படிக் குடு" என்று வாங்கினாள். உருட்டினாள். திரி உடையவே இல்லை, நூலாகி மேஜையோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி ஒரு கை அள்ளி, ரொட்டி தட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டினாள். நாலு தட்டுக்குள் மண்ணின் மேலே தண்ணீர் பளபளவென்று வந்து நின்றது. கையைச் செங்குத்தாகப் பிடித்தாள். மண் மெதுவாக விரல் வழியே வழிந்து அவள் மேலங்கியில் விழுந்தது.

அவள் முகம் மாறிவிட்டது. திரும்பி மற்ற பெண்களிடம் கையை நீட்டிக் காட்டினாள். "இதைத் தொட்டுப் பாருங்கடி."

பத்துப் பெண்களும் தொட்டார்கள், தட்டினார்கள், வழியவிட்டார்கள்.

"இந்தப் பதத்துல மாவு இருந்தா தந்தூர்ல ஒட்டுவியா?" என்று உல்போசுன் ஒருத்தியைக் கேட்டாள்.

"ஒட்டுனா நிக்குமா? வழிஞ்சு தணல்ல விழும்."

"உடனே விழுமா?"

அவள் யோசித்தாள். "உடனே விழாது. கொஞ்ச நேரம் சுவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். நல்லாத்தான் ஒட்டிருக்குன்னு நினைச்சுக் கையை எடுப்போம். அப்பத்தான் விழும்."

எல்லோரும் எதிர்ச் சரிவைப் பார்த்தார்கள். உல்போசுன் மண் கையை மேலங்கியிலேயே துடைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கம் திரும்பினாள். "மூட்டையப் பிரிங்க. நாங்க இறங்க மாட்டோம். இறங்கறவன் தானே சமைச்சுத் தின்னுக்கட்டும்."

உருளைக்கிழங்குக்காரன் வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி ஏற்கெனவே மெத்தைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்தான்.

புருலுக்கு இன்னும் ஒரு குறை பாக்கி இருந்தது. "வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது போய்ட்டு ஒரு மணி நேரத்துல..." என்று ஆரம்பித்த உல்போசுன் தானே நிறுத்திக்கொண்டாள். புருஷனைப் பார்த்தாள். "தந்தூர மேல கொண்டு வாங்க."

புதன் காலை ஆறு ஆண்கள் இறங்கிப் போய், தாஷ்தெமிர் வீட்டுத் தந்தூரைச் சுற்றியிருந்த சுவரை இடித்து, அந்தப் பெரிய மண் குடத்தைக் கம்பளியில் சுற்றி, மரச்சறுக்கில் ஏற்றி, கோவேறு கழுதை பூட்டி மேலே இழுத்து வந்தார்கள். வழி முழுக்க அவர்கள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. உல்போசுன் கூடவே நடந்து, "மெதுவா, மெதுவா, உங்கம்மாவத் தூக்கற மாதிரி தூக்குங்க" என்று மிரட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கீறலும் விழாமல் அது பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார்ந்தது. அதற்குள் புருல், சிக்னல் கிடைக்கிற குன்றின் உச்சியில் ஏறி நின்று மெலிஸுக்குப் போன் போட்டிருந்தாள். கூம்பு பதினாறு மில்லிமீட்டர் இறங்கியது என்று சொன்னாள். மெலிஸ் நீளமாக மூச்சு விட்டான். "சரிக்கா. துப்பு வாங்கப் போறேன்" என்று சொல்லி வைத்தான். சொன்னபடி காகிதத்தைத் திரும்ப வாங்கினான். அவனைக் கோழை என்று நினைத்ததற்காகப் புருல் உள்ளுக்குள் வருத்தப்பட்டாள்.

வியாழன் முழுக்க மழை. ஆறு பெருகியதில் அவளால் திரும்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை வானம் வெளுத்தது. பத்து மணிக்குப் பெண்கள் எல்லோரும் தந்தூரைச் சூழ்ந்து நின்றார்கள். முதல் ஈடு உள்ளே ஒட்டியாகிவிட்டது. புருல் கிளம்பத் தயாராகி, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தாள்.

இடி மாதிரி சத்தம் எதுவும் வரவில்லை. மாவு மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கினால் வருமே, அப்படி ஒரு பொத் பொத். நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச் சரிவின் பாதி இடத்தில் இல்லை. புல்லும் புதரும் மேலே அப்படியே இருக்க, அடியில் மஞ்சள் மண் கஞ்சியாகிக் கீழே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத மாதிரி வந்தது. முதல் வீட்டின் கூரை கொஞ்ச தூரம் அதன் மேல் மிதந்தது, பிறகு காணோம். தாஷ்தெமிர் வீடு இரண்டாவது. தந்தூர் இருந்த முற்றம், அதைச் சுற்றிப் பெண்கள் நிற்கிற இடம், வாசல் வாதுமை மரம் எல்லாம் ஒரு நிமிடத்தில் ஒரே மஞ்சளாகிவிட்டது. ஏழு வீடு போனது.

பிறகு தாஷ்தெமிர் பதிவேட்டைக் கூட எடுக்காமல், மனப்பாடமாக வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. தொட்டில் குழந்தைக்கு அதன் அம்மா பதில் சொன்னாள். உருளைக்கிழங்குக்காரன் தன் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தேழாவது பெயருக்கும் குரல் வந்தபோது தாஷ்தெமிர் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டார். தந்தூருக்குள் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

புருல் குன்று உச்சிக்கு ஏறினாள்.

"மெலிஸ், மலை வந்துடுச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றுவிட்டான் போலிருக்கிறது. "எத்தனை பேரு, அக்கா?"

"ஒருத்தரும் இல்ல. எண்ணியாச்சு. எல்லாரும் மேலதான் இருக்காங்க."

மெலிஸ் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அழறியா?" என்றாள் புருல்.

"நீங்க எழுதுனதுக்குக் கீழ என் கையெழுத்தும் இருந்துச்சுல்லக்கா."

புருலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. புருஷன் போனபோது வராத அழுகை, தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. மேலே ஏறி வந்த உல்போசுன் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, அவளைத் தன் பெரிய மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும்தான் உசுரோட இருக்கமே, எதுக்குடி அழற?"

"அதுக்குத்தான்" என்றாள் புருல்.